புலால் மறுத்தலும் கண்டி மாநகரும்

பௌர்ணமி நாளிற் காலை வேளையிலே கண்டி மாநகரின் கடைத்தெருவிற் செல்வோர் ஒரு காட்சியைக் காண்பர். மரக்கறிக் கடைகள் திறந்திருக்கும். பூக்கடைகளிலே தாமரையும் அலரியும் குவிந்திருக்கும். இறைச்சிக் கடைகளோ மூடிக் கிடக்கும். போயா நாளில் இறைச்சியும் மதுவும் விற்கலாகாது என்பது இலங்கையின் விதி. வெள்ளாடை உடுத்த ஆடவரும் பெண்டிரும் மலர்த் தட்டு ஏந்தித் தலதா மாளிகையை நோக்கி நடப்பர். மறுநாட் காலையில் அதே கடைகள் திறக்கும். நேற்று மலர் சுமந்த கைகளுட் சில இன்று இறைச்சிப் பொதியைச் சுமக்கும்.

இதனைக் கண்டு நகைப்போர் உளர். ஒரு நாள் மட்டும் உயிர்க்கு இரங்குவது என்ன இரக்கம் என்று அவர் கேட்பர். ஆயினும் அந்த ஒருநாட் கதவடைப்பின் பின்னே இரண்டாயிரம் ஆண்டுக் கதை இருக்கின்றது. மன்னர் ஆணைகளும், துறவியர் வாதங்களும், ஏழையின் அடுப்பும், அண்டை வீட்டாரின் மனக்கசப்பும் அக்கதையுள் அடங்கும். புலால் உண்ணாதிருத்தல் ஒரே செயலாகத் தோன்றினும், அதற்குக் காரணம் ஒன்றன்று. ஒருவன் புலால் கிடையாமையால் உண்ணான். ஒருவன் அரசன் தடுத்தமையால் உண்ணான். ஒருவன் சடங்கின் பொருட்டு உண்ணான். ஒருவன் ஆராய்ந்து தெளிந்து தானே விலக்குவான். இந்நால்வரும் கண்டி நாட்டின் வரலாற்றில் வாழ்ந்தவர், இன்றும் வாழ்பவர்.

ஆணையால் வந்த மறுத்தலே ஏடுகளில் முற்படக் காணப்படுவது. கண்டி தலைநகராவதற்கு நெடுங்காலம் முன்னர், கி. பி. முதலாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் ஆண்ட ஆமண்டகாமணி அபயன் என்னும் மன்னன், இலங்கை முழுவதிலும் உயிர்க்கொலை கூடாதென ஆணையிட்டான் என்று மகாவம்சம் கூறும். 'மாகாத' என்பது அவ்வாணையின் பெயர். கொல்லற்க என்பது அதன் பொருள். கொலையைத் தடுத்ததோடு நில்லாது, பல இடங்களிலும் கொடிக்காய் வகைகளை நடுவித்தான் என்றும் அந்நூல் சொல்லும். பின்னர் ஆறாம் நூற்றாண்டிற் சிலாகாலன் முதலிய மன்னரும் இத்தகைய ஆணைகளைப் பிறப்பித்தனர். ஒரே ஆணை மீண்டும் மீண்டும் பிறப்பிக்கப்பட்டதென்றால் அஃது உணர்த்துவது யாது? முன்னை ஆணை மறக்கப்பட்டது என்பதே. முரசறைந்து பரப்பிய அறம் முரசொலி அடங்கியதும் தளர்ந்திருக்கின்றது.

இவ்வரிசையிலே தனித்து நிற்பவன் பொலன்னறுவையில் 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன். பன்னிரு பெருங்குளங்களிலும் வாழும் உயிர்களுக்கு அபயம் அளித்ததாக அவனுடைய கல்வெட்டுகள் கூறுகின்றன. பறவை பிடித்துப் பிழைத்த காம்போசர் என்பாரைப் பற்றியும் அவை பேசுகின்றன. அவர்களுக்குப் பொன்னும் ஆடையும் விரும்பிய பொருளும் வழங்கி, இனிப் பறவைகளைப் பிடியாதிருக்குமாறு அம்மன்னன் பணித்தானாம். மன்னர் தம் புகழைத் தாமே பொறித்த கல்வெட்டுகளில் மிகைப்பாடு இருத்தல் கூடும். எனினும் அதிற் புலப்படும் நீதி ஒன்று உண்டு. ஓர் உயிரைக் காக்க வேண்டி மற்றொருவன் பிழைப்பைத் தடுப்பதாயின், அப்பிழைப்புக்கு ஈடு செய்தல் தடுப்பவன் கடன். இந்நீதி பிற்காலத்தில் எத்துணை முறை மறக்கப்பட்டது என்பதைக் கண்டியின் வரலாறே காட்டும்.

பௌத்தம் வேரூன்றிய நாட்டிலே புலாலுணவு எவ்வாறு நிலைத்தது என்னும் ஐயம் எழுதல் இயல்பு. இதற்கு விடை புத்தர் காலத்திலேயே உளது. பிக்குகள் யாவரும் மீனும் இறைச்சியும் அறவே நீக்குதல் வேண்டும் என்னும் விதி உட்பட ஐந்து விதிகளைத் தேவதத்தன் வேண்டினான். புத்தர் அவற்றைக் கட்டாயமாக்க உடன்படவில்லை. தன்பொருட்டுக் கொல்லப்பட்டதைக் காணாமலும், கேளாமலும், ஐயுறாமலும் இருப்பின், பிச்சைப் பாத்திரத்தில் விழுந்த இறைச்சியைப் பிக்கு ஏற்கலாம் என்பது விநய நெறி. இரந்துண்பவன் இட்டதை உண்பானேயன்றி, இன்னது இடுக என்று கேளான் என்பது அதன் உட்கருத்து. கண்டி அரசிலே பதினெட்டாம் நூற்றாண்டிற் சமயத்தை மீட்டெழுப்பிய வெலிவிட்ட சரணங்கர தேரர் பிச்சையேற்று உண்ணும் நெறியைக் கடைப்பிடித்தமையால் பிண்டபாதிக சரணங்கரர் எனப்பட்டார். அவருடைய முயற்சியாலேயே 1753ஆம் ஆண்டில் சீயத்திலிருந்து உபாலி தேரர் வருவிக்கப்பெற்று, அற்றுப்போயிருந்த உபசம்பதை கண்டியில் மீண்டும் நிலைநாட்டப்பட்டது. அவரை வருவித்த கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனோ மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குலத்தவன்.

மகாயான நூல்களுள் ஒன்றாகிய இலங்காவதார சூத்திரமோ புலாலுணவை வன்மையாகக் கண்டிக்கின்றது. இலங்கையின் பெயரைத் தாங்கிய அந்நூலின் கட்டளையைச் சீனத்துத் துறவியர் போற்றினர். இலங்கையிலோ தேரவாத மரபே ஓங்கியமையால் அந்நூல் இங்கு விதியாகவில்லை.

இனித் தமிழ் மரபை நோக்குதல் தகும். திருவள்ளுவர் புலால் மறுத்தலைத் துறவறவியலில் வைத்தார். ஆனால் அவ்வதிகாரத்திலே அவர் எழுப்பும் ஒரு வாதம் துறவியைவிடக் கடைத்தெருவிற் பொருள் கொள்வானையே குறிவைத்துப் பாய்கின்றது. தின்பதற்காகக் கொல்பவர் இல்லையெனின் விலைக்குத் தருபவரும் இல்லை என்பது அவ்வாதத்தின் சாரம். நான் கொல்லவில்லை, விலைக்கே வாங்கினேன் என்று சொல்லித் தப்புதற்கு அவர் இடம் வைக்கவில்லை. பௌத்தமும் இவ்வுண்மையை உணராததன்று. இல்லறத்தார் செய்யலாகாத ஐந்து வணிகங்களுள் இறைச்சி வணிகத்தையும் அது சேர்த்துள்ளது. இதனால் ஒரு சிக்கல் பிறந்தது. உண்பதற்கு விலக்கில்லை, விற்பதற்கோ விலக்குண்டு. அங்ஙனமாயின் விற்பவன் வேறொருவனாதல் வேண்டும். அந்த வேறொருவன் யார் என்னும் கேள்வியே பின்னாளில் இம்மலைநாட்டின் அமைதியைக் குலைத்த கேள்விகளுள் ஒன்றாயிற்று.

கண்டி மக்கள் முற்காலத்தில் உண்மையில் உண்டது யாது? இதனை விரிவாக எழுதி வைத்தவர் ஓர் ஆங்கிலக் கைதி. றொபேட் நொக்ஸ் என்னும் அவ்விளைஞர் 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டு, இரண்டாம் இராசசிங்கனின் ஆட்சியில் மலைநாட்டு ஊர்களில் வைக்கப்பட்டார். 1679ஆம் ஆண்டிலே தப்பி, அநுராதபுரத்துக் காட்டுவழியே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூல், அந்நாளைய கண்டியின் அடுப்பங்கரை வரைக்கும் புகுந்து பார்க்கின்றது.

அவர் காட்டும் கண்டியிலே சோறே உணவு. மற்றவை சோற்றுக்குத் துணை. உப்பும் கீரையும் எலுமிச்சம் புளியும் இருந்தால் ஏழை மனிதன் நிறைவடைவான். பலாக்காய் பஞ்சத்துக்கு உதவும் பெருந்துணை. இறைச்சியும் மீனும் அரியன. கிடைத்த சிறிதையும் தாம் உண்ணாது விற்றுப் பணமாக்குவதையே பலர் விரும்பினர். மாட்டிறைச்சியோ அறவே ஆகாது. அதனை உண்ணல் இழிவினும் இழிவு. கண்டியரின் மரக்கறி உணவில் பாதிக்கு மேல் வறுமையின் பங்கென்பதை இதனால் அறியலாம். கடலினின்று பிரிந்த மலைநாடு அது. உப்பும் கருவாடும் கரையிலிருந்தே வருதல் வேண்டும். கரையோ போர்த்துக்கேயர் கையிலும் பின்னர் ஒல்லாந்தர் கையிலும் இருந்தது. 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கையாற் கடற்கரை முழுவதும் ஒல்லாந்தர் வசமானபோது, கண்டிக் குடிகள் உப்பெடுக்கும் உரிமையையும் அவ்வுடன்படிக்கையிலே எழுதிக் கொள்ள வேண்டியதாயிற்று. கறிக்கு உப்பே அரிதாகிய நாட்டில் மீன் எங்ஙனம் மலியும்?

மாட்டிறைச்சி விலக்குக்கு அறத்தோடு பொருளியலும் துணைநின்றது. வயலை உழுதவை எருமையும் எருதும். களத்திற் சூடு மிதித்தவையும் அவையே. பாலும் தயிரும் தந்தவை அவை. மலைப் பாதைகளிலே தவளம் எனப்பட்ட பொதிமாட்டு அணிகள் உப்பையும் பாக்கையும் சுமந்தன. அப்போக்குவரத்தில் சோனகர் பெரும் பங்கு கொண்டிருந்தனர். போர்த்துக்கேயராற் கரையினின்று துரத்தப்பட்ட அச்சோனகருக்குச் செனரதன் என்னும் கண்டி மன்னன் 1626ஆம் ஆண்டளவில் அடைக்கலம் அளித்துக் கீழ்க்கரையிற் குடியேற்றினான். மாட்டை வழிநடத்திக் கண்டியின் வாணிகத்தைக் காத்தவரும் அவர்களே என்பதை இன்றைய தலைமுறை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆயினும் பழங்கண்டி முழுவதும் மரக்கறி நாடாக இருந்ததென்று கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. மான் இறைச்சியை விரும்பாதார் சிலரே. வேடர் அவ்விறைச்சியைத் தேனில் இட்டுப் பதப்படுத்தி வைத்தனர் என நொக்ஸ் எழுதுகின்றார். அவரே தம் வீட்டில் பன்றியும் கோழியும் வளர்த்தார். அரசன் மகிழ்ந்து உணவூட்டிய ஆற்று மீன்களைப் பிடிக்க எவரும் துணியார். வேறு நீர்நிலைகளின் மீனோ பிடிபட்டது. பசு தப்பியது, மான் தப்பவில்லை. மனிதனின் இரக்கம் எப்போதும் தனக்கு அணுக்கமான உயிரிடத்திலேயே தொடங்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

மூன்றாவது வகையாகிய சடங்குவழி மறுத்தல் கண்டியில் இன்றும் உயிரோடிருக்கின்றது. தலதா மாளிகையிலே விடியற்காலையும் நண்பகலும் மாலையும் வழிபாடு நிகழும். சோறும் கறியும் படைக்கப்படும். மாளிகையை அடுத்து நாத தேவாலயமும், விட்டுணு தேவாலயமும், பத்தினி தேவாலயமும், சற்றுத் தொலைவிலே கதிர்காமத் தேவாலயமும் உள்ளன. அத்தெய்வங்களை வழிபடச் செல்லும் சிங்கள மக்கள், செல்வதற்கு முன்னர் மீனும் இறைச்சியும் நீக்கித் தூய்மை காப்பர். தமிழரிடையே வெள்ளிக்கிழமை விரதமும், கந்தசஷ்டியும், கேதாரகௌரி நோன்பும் இதற்கு இணையானவை. 'இன்று மச்சம் இல்லை' என்று தமிழ் வீட்டில் ஒரு தாய் சொல்வதும், அடுத்த வீட்டுச் சிங்களத் தாய் போயா நாளில் அவ்வாறே சொல்வதும் ஒரே உணர்வின் இரு மொழி வடிவங்கள். தமிழிலோ சைவம் என்னும் சமயப் பெயரே மரக்கறி உணவின் பெயராயிற்று. ஒரு சமயத்தின் பெயர் ஓர் அடுப்பின் பெயராகுமளவுக்கு அவ்விரண்டும் ஒன்றிய மொழிகள் வேறு பல இருத்தல் அரிது.

சடங்கு வழி மறுத்தலில் ஒரு குறையும் உண்டு. ஒரு பயனும் உண்டு. நாள் கழிந்தால் நோன்பும் கழியும் என்பது குறை. நாக்கு தன் விருப்பை ஒரு நாளேனும் அடக்கப் பழகும் என்பது பயன். 1966 முதல் 1971 வரை இலங்கையில் வார விடுமுறை ஞாயிறு நீங்கிப் போயா நாள்களுக்கு மாற்றப்பட்டிருந்தது. சந்திரனின் நான்கு நிலைகளையும் ஒட்டி ஓய்வு நாள் வந்த அக்காலத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். வாணிகத்துக்கு அம்முறை ஒவ்வாமையாற் கைவிடப்பட்டது. பௌர்ணமி மட்டும் விடுமுறை நாளாக எஞ்சியது.

1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் நிறைவேறியது. ஆங்கிலேயர் கண்டியை அடைந்தனர்; கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வேலூரிற் சிறையிருந்து 1832இல் மறைந்தான். ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயத்தைக் காப்பதாக உறுதி கூறியது. ஆனால் மாட்டிறைச்சி உண்பதை இயல்பாகக் கொண்ட படையும் அதிகாரிகளும் நகரில் நிலைகொண்டபோது, உண்டால் இழிவு எனப்பட்ட உணவு ஆள்வோரின் உணவாயிற்று. ஆள்வோர் உணவு, நாளடைவில், அவரைப் பின்பற்ற விரும்பியோர்க்கு மதிப்பின் அடையாளமாயிற்று. மாடறுத்தலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1893ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. பழைய அரசிற் பழிக்கப்பட்ட தொழில் அனுமதிப் பத்திரம் பெற்ற தொழிலாக மாறியது.

அதே காலத்தில் மலைகளின் தோற்றமும் மாறியது. 1820களிற் கம்பளைப் பகுதியிலே கோப்பித் தோட்டம் தோன்றிற்று. 1867இல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துறையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். தமிழகத்திலிருந்து காடு மேடு கடந்து வந்த தொழிலாளரின் கையாலேயே இத்தோட்டங்கள் எழுந்தன. அவர்களுடைய லயத்து அடுப்பிலும் மரக்கறியே பெரும்பாலும் வெந்தது. அது வள்ளுவர் வாதத்தைக் கேட்டு வந்த தெளிவன்று. கூலியின் குறுக்கத்தால் வந்த நிலை. சோறும் ரொட்டியும் சம்பலும் கீரையும் அன்றாட உணவாக, இறைச்சி சம்பள நாளுக்கும் திருவிழாவுக்கும் உரியதாயிருந்தது. இவ்வாறு உண்டவரை நோன்பாளர் என்று புகழ்தல் அவர் வறுமையை மறைக்கும் திரையாகிவிடும். கிடையாமையால் உண்ணாதவனுக்கு அறம் உரைப்பதற்கு முன்னர், அவன் உண்ணவும் மறுக்கவும் வல்லவனாகும் நிலையை உண்டாக்குதல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், விலையேற்றத்தால் இறைச்சியும் மீனும் முட்டையும் பல வீடுகளின் கலத்திலிருந்து மறைந்தபோது இவ்வுண்மை மீண்டும் உணரப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பௌத்த மறுமலர்ச்சி, மதுவிலக்கோடு மாட்டிறைச்சி விலக்கையும் கையிலெடுத்தது. அநகாரிக தர்மபாலர் ஊர் ஊராகச் சென்று மாட்டிறைச்சியை விலக்குமாறு மக்களை வேண்டினார். தன் மக்களை நோக்கித் தம் வாழ்வைத் திருத்திக்கொள்ளச் சொல்லும் அளவில் அது சீர்திருத்தம். ஆனால் உண்பவனை விட்டு விற்பவனைப் பழிக்கும் அளவில் அது வேறொன்றாகத் திரியும். 1915ஆம் ஆண்டு வெசாக் இரவிலே கண்டி நகரில், ஊர்வலம் பள்ளிவாசலைக் கடப்பது பற்றி எழுந்த பூசல் நாடெங்கும் பரவிய கலவரமாயிற்று. அதன் காரணம் உணவன்று. எனினும் ஒரு சிறு பொறி எத்துணை வீடுகளை எரிக்கும் என்பதை அந்நகரம் அன்று கண்டது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே திகனைப் பகுதியில் மறுபடியும் கண்டது.

2013ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், அதுவும் வெசாக் பௌர்ணமி. மாடறுப்பைத் தடைசெய்ய வேண்டுமெனக் கோரிய போவத்தே இந்திரரத்தின தேரர் தலதா மாளிகையின் அண்மையிலே தம்மைத் தாமே தீக்கிரையாக்கி, மறுநாள் உயிர்நீத்தார். உயிர்க்கொலை கூடாதென்னும் நெறியின் பெயரால் ஓர் உயிர் மாய்ந்தது பௌத்த உலகையே துயரில் ஆழ்த்தியது. மனிதப் பிறவி கிடைத்தற்கரியது என்று கூறும் சமயத்திலே இதனை எங்ஙனம் ஏற்பது என்னும் கேள்வி துறவியரிடையேயும் எழுந்தது. பின்னர் 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியது. உண்ண விரும்புவோர்க்கு வெளிநாட்டிலிருந்து மாட்டிறைச்சியை இறக்குமதி செய்யலாம் என்பதும் அவ்யோசனையின் ஒரு பகுதி. இங்கே கொல்லப்படாத மாடு எங்கோ கொல்லப்படுமாயின் அறத்தில் மிச்சமாவது எவ்வளவு? மாடு வளர்த்து விற்கும் குடியானவனும், அறுக்கும் தொழிலாளியும், தம் சமயக் கடனாகக் குர்பான் கொடுக்கும் இசுலாமியரும் இழப்பதற்கு ஈடு யாது? காம்போசருக்குப் பொன்னும் ஆடையும் கொடுத்ததாகச் சொன்ன நிசங்கமல்லனின் கல்வெட்டு இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது.

மேலும் ஒரு நேர்மை இங்கு வேண்டப்படுகின்றது. பசுவுக்காக உருகும் உள்ளம் மீனுக்கு உருகாதிருத்தல் எதனால்? கண்டியின் சம்பலிலும், பிஞ்சுப் பலாக் கறியிலும், கீரைச் சுண்டலிலும் மாலைத்தீவிலிருந்து வரும் மாசி இடிபட்டுக் கலந்திருக்கும். மரக்கறி என்று பெயர் பெற்ற கறியில் மீன் மறைந்திருத்தலை அறியாது புதியவர் பலர் ஏமாந்ததுண்டு. மாசி இட்டதோ என்று வினவியபின்னரே உண்ணல் இந்நாட்டின் மரக்கறி உண்போர் கைக்கொள்ளும் வழக்கம்.

நான்காவது வகையாகிய தெளிவினால் வரும் மறுத்தலுக்கு உலகறிந்த சான்று காந்தியடிகள். இங்கிலாந்து செல்லுமுன் புலால் உண்ணேன் என்று தாய்க்குச் சூளுரைத்தார், அச்சூளைக் காத்தார். ஆனால் அதுவரை அது சூளின் கட்டு மட்டுமே. இலண்டன் மரக்கறி உணவுச் சாலையொன்றில் ஹென்றி சால்ட் எழுதிய நூலை வாங்கிப் படித்த அந்நாள் முதலே தாம் விரும்பித் தேர்ந்து மரக்கறி உண்பவரானதாக அவர் தம் சுயசரிதையில் எழுதினார். உணவு அதுவே, கலத்தில் எதுவும் மாறவில்லை, மாறியது உள்ளம். அவர் 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலங்கைக்கு வந்து கண்டியையும் கண்டார்.

கண்டியிலேயே வாழ்ந்து இப்பொருளை ஆழ்ந்து நோக்கிய மற்றொருவர் ஞானபோனிக தேரர். செருமனி நாட்டிற் பிறந்து பிக்குவான அவர், தலதா மாளிகைக்குப் பின்னே எழும் உடவத்தக்கலைக் காட்டிலுள்ள வனவாசத்தில் 1952 முதல் வாழ்ந்து 1994இல் அங்கேயே மறைந்தார். 1958இல் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கம் நிறுவப்படக் காரணமானவர்களுள் ஒருவர். நால்வகை ஆகாரங்களைப் பற்றி அவர் தொகுத்து 1967இல் வெளியிட்ட நூலிலே, பாலைவனத்தில் வழிதப்பித் தம் மகன் உடலையே உண்டு உயிர்பிழைத்த பெற்றோரைப் பற்றிய புத்தரின் உவமை இடம்பெறுகின்றது. உணவை அவர்கள் எவ்வுணர்வோடு உண்டிருப்பரோ அவ்வுணர்வோடு உண்க என்பது உவமையின் போதனை. மரக்கறி உண்பவனும் இறுமாத்தற்கு இடமில்லை என்பதையும் தேரர் சுட்டினார். ஏர்முனையிற் சிற்றுயிர்கள் மாயும். கீரையைக் காப்பதற்கு நத்தையும் புழுவும் அழிக்கப்படும். உண்டு வாழ்தலே பிற உயிரின் இழப்பின்மேல் நிகழ்வது. ஆதலின் புலால் மறுத்தல் ஒருவனைத் தூயவனாக முடிசூட்டுவதன்று; அவனால் விளையும் துன்பத்தை இயன்றவரை குறைப்பது.

தெளிவோடு மறுக்க விரும்புவோர்க்கு வழியும் வேண்டும். 1638இற் போர்த்துக்கேயர் படை அழிந்த கன்னொருவைப் போர்க்களம் இன்று வேளாண்மை ஆராய்ச்சியின் களமாக விளங்குகின்றது. பேராதனையை அடுத்த அவ்விடத்திலே 1970களில் சோயா அவரையிலிருந்து உணவு ஆக்கும் ஆராய்ச்சி நிகழ்ந்தது. இறைச்சியைப் போலச் சமைக்கத்தக்க சோயா நாட்டின் மூலைமுடுக்கிலுள்ள கடைகளுக்கும் பரவி, ஏழையின் கலத்திற் புரதம் சேர்த்தது. பால், தயிர், முட்டை, தேன் ஆகியவற்றையும் நீக்கும் முழுத் தாவர உணவு நெறி 1944இல் இங்கிலாந்திலே தனிச் சங்கம் கண்டது. அப்பெயர் புதிதாயினும் கண்டி அடுப்புக்கு அது முற்றிலும் அயலன்று. மங்கல நாளிற் படைக்கும் கிரிபத் பசும்பாலால் ஆவதன்று, தேங்காய்ப் பாலால் ஆவது. பலாக்கொட்டையும், பயறும், குரக்கனும், வல்லாரையும், பொன்னாங்காணியும், கித்துள் பாணியும் எவ்வுயிரையும் கொல்லாது கிடைப்பன. எனினும் அந்நெறியை முழுமையாகக் கைக்கொள்வோர் ஒன்றை அறிதல் வேண்டும். பி பன்னிரண்டு எனப்படும் உயிர்ச்சத்து தாவர உணவிற் போதிய அளவு கிடைப்பதில்லை; அது குன்றினால் இரத்தமும் நரம்பும் தளரும். அதனைச் செறிவூட்டிய உணவாகவோ மாத்திரையாகவோ தனியே கொள்ளல் வேண்டும். கருவுற்ற தாய்மாரும் குழந்தைகளும் இதில் மிகுந்த கவனம் கொள்ளல் வேண்டும். இரக்கத்துக்கு அறிவு துணையாதல் வேண்டும். அறிவற்ற நோன்பு நோயில் முடியும்.

மன்னர் ஆணையிட்டனர், ஆணைகள் மறக்கப்பட்டன. வறுமை தடுத்தது, வளம் வந்ததும் தடை நீங்கியது. சடங்கு தடுத்தது, மறுநாள் கடை திறந்தது. அயலானின் கடையை அடைக்க முயன்றபோது அயன்மை வளர்ந்ததேயன்றி அருள் வளரவில்லை. தன் கலத்தை நோக்கித் தானே வினவி, தானே விடுத்த மறுத்தல் ஒன்றே நிலைத்தது. அது பிறர் எவரையும் வருத்தவும் இல்லை. விற்பவனைத் திருத்துவதற்கு வள்ளுவர் காட்டிய வழியும் அதுவே: கொள்வான் கையை விலக்கட்டும், அயலான் பிழைப்பின்மேற் கை வைக்க வேண்டுவதில்லை.

கண்டி ஏரியைச் சூழ்ந்த மதிலருகே மாலைப் போதில் நின்று பார்ப்போர், நீரின் மேற்பரப்பில் மீன்கள் அச்சமின்றித் திரிவதைக் காண்பர். சிறுவர் சோற்றுப் பருக்கையை எறிவர். மீன்கள் கூடி வந்து உண்ணும். அச்சிறுவருட் சிங்களர் உளர், தமிழர் உளர், சோனகர் உளர். அவ்வேளையில் அம்மீன்களைப் பிடித்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவருள் எவர்க்கும் தோன்றுவதில்லை.